துவாஸ் மனைக்கு மூன்று கொட்டேஷன்: கண்காணிப்புக் கிணற்றைக் கழுவுவது எப்படி, அளப்பது எதைக் கொண்டு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர் பையிலிருந்து மூன்று கொட்டேஷன்களை எடுத்து மேசையில் விரித்தார். மேற்குக் கடலோரத் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் உலோகப் பட்டறை நடத்துகிறவர். இருபது வருடத்துக்கு மேல் இருந்த இடம், குத்தகை முடியப்போகிறது. மாசு உண்டாக்கக்கூடிய தொழில் நடந்த நிலத்தை, தொழில் நிலங்களைக் குத்தகைக்கு விடும் அரசு அமைப்பான ஜேடிசியிடம் திருப்பிக் கொடுக்கும்போது, மண்ணும் நிலத்தடி நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆய்வு செய்து அறிக்கை வைக்க வேண்டும். அதற்கான கொட்டேஷன்கள் அவை.

"தம்பி, மூணு பேருமே அஞ்சு கிணறு, ஆறு மீட்டர் ஆழம், ரெண்டு இன்ச் பிவிசி பைப்புன்னுதான் எழுதியிருக்காங்க. அப்புறம் விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார்.

வித்தியாசம் துளை போடுவதில் இல்லை. போட்ட கிணற்றை எப்படிக் கழுவுகிறார்கள், எத்தனை நாள் விட்டுவைக்கிறார்கள், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கொட்டேஷனில் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். பணம் கொடுப்பவர் அந்த வரிகளைப் படிப்பதே இல்லை. ஆனால் கடைசியில் வரும் அறிக்கை நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

முதல் கம்பெனி, பெய்லர் என்ற கையால் இறைக்கும் குழாயால் கிணற்றைக் கழுவி அன்றைக்கே மாதிரி எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தது. நீர்மட்டம் ஒரே ஒரு தடவை, நாடா வைத்த சாதாரண டிப் மீட்டரால். விலை குறைவு. இரண்டாவது கம்பெனி கம்ப்ரசர் வைத்துக் கழுவி, ஐந்து கிணற்றிலும் ஒரு மாதத்துக்கு, நீர்மட்டத்தைத் தானே பதியும் லாகர் போடுவதாக எழுதியிருந்தது. அதுதான் விலை அதிகம். மூன்றாவது, சர்ஜ் பிளாக் என்ற ரப்பர் வட்டும், அடியில் ஒருவழி வால்வு உள்ள ஃபுட் வால்வு பம்பும் வைத்துக் கழுவுவது, ஒரு வாரம் காத்திருப்பது, எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் இன்டர்ஃபேஸ் மீட்டரால் இரண்டு தடவை அளப்பது. விலை நடுவில்.

மண் சோதனை வேலையில் எனக்குப் பல வருடப் பழக்கம். அன்று அந்த மேசையில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அவர் நிலைமையில் இருக்கும் பட்டறைக்காரர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பையன்களுக்கும் உதவும்.

கழுவுவது எதற்கு?

ஊரில் போர் போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். துளை போட்டதும் கம்ப்ரசர் வைத்து அடிப்பார்கள். கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை விடமாட்டார்கள். அங்கே நிறைய நீர் வர வேண்டும் என்பதற்காகக் கழுவுகிறோம். இங்கே நிறைய நீர் தேவையில்லை. வருகிற கொஞ்ச நீரும் அந்த மண்ணுக்குள் இருந்த நீர்தானா, துளை போட்டதால் உண்டான சேற்று நீரா என்பதுதான் கேள்வி.

கிணறு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுமார் 150 மி.மீ. அகலத்தில் ஒரு துளை. அதற்குள் 50 மி.மீ. பைப். பைப்பின் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீறல்கள் இருக்கும், அதை ஸ்கிரீன் என்போம். ஸ்கிரீனைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேலே பென்டோனைட் களிமண் அடைப்பு, அப்புறம் சிமெண்ட் கலவை, தரைமட்டத்தில் இரும்பு மூடி. துளை போடும்போது மெஷின் கம்பி சுற்றிச் சுற்றிக் களிமண்ணைத் துளைச் சுவரில் சாந்து பூசியதுபோல் அப்பிவிடுகிறது. மண்ணுக்கும் மணலுக்கும் நடுவில் அந்தப் பூச்சு இருக்கும்வரை, வெளியே இருக்கும் நீர் சரியாக உள்ளே வராது. பென்டோனைட் சேறு ஊற்றித் துளை போட்டிருந்தால் இன்னும் மோசம். கட்டடத்துக்கு மண் பார்ப்பவர்களுக்கு அந்தச் சேறு துளை சரியாமல் காக்கும் நல்ல நண்பன். நீரின் தரம் பார்க்க வந்தவனுக்கு அது தொல்லை. அதனால் கிணறு போட வருபவர்களிடம் "சேறு ஊற்றாமல் போட முடியுமா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சிங்கப்பூர் சின்னத் தீவுதான், ஆனால் மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. நடுப்பகுதியில் புக்கிட் தீமா கருங்கல்லும் அது மக்கி உண்டான மண்ணும். மேற்கே ஜூரோங் படிவுப் பாறை. கிழக்கே பழைய வண்டல். ஆற்றோரங்களிலும் கடலோரங்களிலும் காலாங் படிவத்தின் கடல் களிமண், விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல் அமுங்கும் சாம்பல் நிறக் களி. துவாஸிலும் ஜூரோங் தீவிலும் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். மேலே நிரப்பிய மணல், பல இடங்களில் அதற்குக் கீழே அந்தக் கடல் களிமண். ஒரே மனையில் முன்பக்கக் கிணறு மணலிலும் பின்பக்கக் கிணறு களியிலும் அமைவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் "ஐந்து கிணற்றுக்கும் ஒரே முறை" என்று யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

கலங்கல் எப்படிக் காசாகிறது

இங்கே நிலத்தடி நீரின் முடிவுகளை டச்சு நாட்டு மதிப்புகளோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். அந்தப் பட்டியலில் நிலத்தடி நீருக்கான தலையீட்டு மதிப்பு, அதாவது தாண்டினால் மாசு கடுமையானது என்று எடுத்துக்கொள்ளும் எல்லை, ஈயத்துக்கு லிட்டருக்கு 75 மைக்ரோகிராம், ஆர்சனிக்குக்கு 60, பென்சீனுக்கு 30, கனிம எண்ணெய்க்கு 600. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன எண்ணோடு போட்டி போடும்போது, பாட்டிலுக்குள் போன ஒரு சிட்டிகைக் களிமண்கூடக் கணக்கை மாற்றிவிடும். களிமண் துகளில் இயற்கையாகவே உலோகம் ஒட்டியிருக்கிறது. உலோகச் சோதனைக்கான பாட்டிலில் முன்கூட்டியே அமிலம் விட்டிருப்பார்கள். கலங்கிய நீரை வடிகட்டாமல் அதில் ஊற்றினால், துகளில் இருந்த உலோகத்தை அமிலம் கரைத்து நீரில் சேர்த்துவிடும். சோதனைக்கூடம் அதைத்தான் அளந்து தரும். அவர்கள் மேல் தப்பில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே இது நடந்தது. அவசரம் அவசரமாகப் பெய்லரால் இறைத்து, டீ நிறத்தில் இருந்த நீரையே பாட்டிலில் பிடித்து அனுப்பினோம். இரண்டு கிணற்றில் ஈயம் எல்லைக்கு மேல் வந்தது. மனைக்காரர் மண்ணைத் தோண்டி எடுப்பதற்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டார். என் மேலதிகாரி அந்தக் கிணறுகளைத் திரும்பக் கழுவச் சொன்னார். ஒரு முழு நாள் கழுவினோம், ஒரு வாரம் விட்டோம், மெதுவாக இறைத்து மாதிரி எடுத்தோம். இந்த முறை இரண்டிலும் ஈயம் எல்லைக்கு வெகுவாகக் கீழே இருந்தது. அந்த மனைக்காரர் அந்த ஒரு வாரம் எவ்வளவு தூக்கம் கெட்டிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"0.45 மைக்ரான் ஃபில்டர் போட்டு வடிகட்டினால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். கரைந்த உலோகத்துக்கு அது சரி. ஆனால் பென்சீன், கரைப்பான் மாதிரி ஆவியாகும் பொருட்களை வடிகட்டினால் பாதி காற்றில் போய்விடும். எண்ணெய்ப் பொருட்கள் களியோடு சேர்ந்து ஃபில்டரிலேயே நின்றுவிடும். எனவே ஃபில்டர் கிணறு கழுவுவதற்கு மாற்று ஆகாது.

பெய்லரா, கம்ப்ரசரா, சர்ஜ் பிளாக்கா?

முதலில் பெய்லர். அடியில் ஒரு குண்டு வால்வு வைத்த நீளமான பிளாஸ்டிக் குழாய். கயிற்றில் கட்டி இறக்கி, நிரம்பியதும் தூக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் ஒரு லிட்டர் வரும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆறு மீட்டர் கிணறு, நீர் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது, அப்படியானால் நீர்த்தூண் நாலரை மீட்டர். 50 மி.மீ. பைப்பில் மீட்டருக்கு 2 லிட்டர் பிடிக்கும். சுற்றியுள்ள மணலின் இடைவெளிகளில் மீட்டருக்கு இன்னும் நாலரை லிட்டர் போல இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 29 லிட்டர். இதை ஒரு கொள்ளளவு என்று வைத்துக்கொண்டு, கழுவுவதற்குப் பத்துக் கொள்ளளவு இறைப்பதாகக் கணக்கிட்டால் 290 லிட்டர். பெய்லரால் என்றால் கிட்டத்தட்ட முந்நூறு தடவை இறக்கித் தூக்க வேண்டும், ஒரே கிணற்றுக்கு. மத்தியான வெயிலில், ரப்பர் கையுறையோடு, ஒரு பையன் ஐந்து கிணற்றுக்கும் இதைச் செய்து முடித்து அன்றைக்கே மாதிரியும் எடுப்பான் என்று எழுதியிருந்தால், நடக்கப் போவது வேறு. முப்பது நாற்பது தடவை இறைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

அதற்காகப் பெய்லரை ஒதுக்கிவிடவும் முடியாது. கடல் களிமண்ணில் அமைந்த கிணறு ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் ஊறும். அங்கே பம்ப் போட்டால் பத்தே நிமிடத்தில் வறண்டுவிடும். சர்ஜ் பிளாக்கை வேகமாகக் குத்தினால் களி குழம்பி இன்னும் கலங்கும், மணலுக்குள் களி புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கிணற்றை முதல் நாள் பெய்லரால் மெதுவாக வற்ற இறைத்து, ஊற விட்டு, மறுநாள் திரும்ப இறைத்து, மூன்று நாளுக்குப் பிரித்துச் செய்வதுதான் நல்லது. "இறைத்த கிணறு ஊறும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும், ஆனால் களிமண் தன் வேகத்தில்தான் ஊறும்.

கம்ப்ரசர் பார்க்க வேகமானது. காற்றை உள்ளே செலுத்தினால் நீரும் சேறும் பொங்கிக்கொண்டு மேலே வரும், மனைக்காரருக்கும் வேலை நடக்கிறது என்று திருப்தி. குடிநீர்க் கிணற்றுக்கு நல்ல முறைதான். மாசு இருக்கலாம் என்று சந்தேகப்படும் இடத்தில் எனக்கு இதில் நான்கு பயங்கள் உண்டு. காற்று நீரைக் கலக்கும்போது பென்சீனும் கரைப்பான்களும் நீரை விட்டு ஆவியாகப் போய்விடும், நாம் தேடி வந்ததையே நாமே விரட்டிவிடுகிறோம். ஆக்சிஜன் சேர்ந்ததும் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும், அதோடு ஆர்சனிக் போன்றவையும் சேர்ந்து படிந்துவிடும். காற்றுக் குமிழ்கள் மணலுக்குள் சிக்கி நீர் வரும் வழியை அடைத்துக்கொள்ளலாம். கடைசியாக, சாதாரணக் கம்ப்ரசரின் காற்றோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையும் வரும். எண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கப் போன கிணற்றுக்குள் நாமே எண்ணெய் விட்டால் அந்த அறிக்கையை யார் நம்புவது? இதையெல்லாம் தாண்டி, மாசு நீர் வேலையாட்களின் முகத்தில் தெறிக்கும். அது ஒன்றுக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, சர்ஜ் பிளாக். பைப்புக்குள் இறுக்கமாகப் போகும் ஒரு ரப்பர் வட்டு, கம்பியின் முனையில் மாட்டியிருக்கும். அடைத்துக்கொண்ட சிங்க்கை ரப்பர் கப்பால் அழுத்தி இழுப்போமே, அதே வேலைதான். கீழே தள்ளும்போது நீர் ஸ்கிரீன் வழியாக மண்ணுக்குள் போகிறது, மேலே இழுக்கும்போது மண்ணிலிருந்து உள்ளே வருகிறது. இந்த இரண்டு பக்க ஓட்டம்தான் விஷயம். வெறும் பம்ப் போட்டு இழுத்தால் நீர் ஒரே திசையில் ஓடும். அப்போது துகள்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து மணல் இடுக்கில் பாலம்போல் நின்றுவிடும். பம்பை நிறுத்தும்வரை நீர் தெளிவாகவே வரும், மாதிரி எடுக்க வரும் நாளில் லேசாக அசைந்தாலும் பாலம் உடைந்து திரும்பவும் கலங்கும். முன்னும் பின்னும் ஓட்டினால் அந்தப் பாலங்கள் உடைந்து துகள் உள்ளே வந்துவிடும். அதை ஃபுட் வால்வு பம்பால் வெளியே எடுத்துவிடலாம்.

செய்யும் விதத்தில் ஒரு பக்குவம் இருக்கிறது. சிமெண்ட் கலவை இறுக ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். ஸ்கிரீனின் மேல் பகுதியில் மெதுவாக ஆரம்பித்து, ஒவ்வொரு அரை மீட்டராகக் கீழே போக வேண்டும். ஆரம்பத்திலேயே அடியில் வைத்துப் பலமாகக் குத்தினால் சேறு பிளாக்குக்கு மேலே சேர்ந்து கம்பியே சிக்கிக்கொள்ளும். ஐந்து பத்து நிமிடம் குத்துவது, அப்புறம் இறைப்பது, அப்புறம் திரும்பக் குத்துவது. வாளியில் வரும் நீரைப் பார்த்தாலே தெரியும். முதலில் மைலோபோல் கெட்டியாக வரும், பிறகு டீ, பிறகு எலுமிச்சைத் தண்ணீர். கண்ணை மட்டும் நம்பாமல், கலங்கலை அளக்கும் டர்பிடிட்டி மீட்டரிலும் பார்க்க வேண்டும். கலங்கலின் அலகு என்டியு, அது 10-க்குக் கீழே வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், பிஹெச் 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் கலங்கல் 10 சதவீதத்துக்குள்ளும் தொடர்ந்து மூன்று அளவுகளில் நின்றால், இந்த மண்ணில் இதற்கு மேல் தெளியாது என்று எழுதி வைத்துக்கொண்டு நிறுத்தலாம். களிமண் கிணற்றில் 10 என்டியு வரவே வராமல் போகலாம். அங்கே பொய்யாக 9.8 என்று எழுதுவதைவிட, 60-இல் நின்றது என்று உள்ளதை எழுதுவது அறிக்கைக்குப் பலம்.

கழுவுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று, நீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பது. மிதக்கிற கிணற்றில் சர்ஜ் பிளாக்கை விட்டுக் குத்தினால், மேலே சாதுவாக இருந்த எண்ணெயை ஸ்கிரீன் முழுக்கவும் மணல் முழுக்கவும் நாமே பூசிவிடுவோம். அந்தக் கிணறு அதற்குப் பிறகு தேறாது.

சரி, இறைத்த நீர் எங்கே போகிறது? முதல் கொட்டேஷனில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஐந்து கிணற்றுக்குப் பத்துக் கொள்ளளவு என்றால் கிட்டத்தட்ட 1,450 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் ஏழெட்டு. சோதனை முடிவு தெரியும்வரை அதை மாசு நீர் என்றே எண்ணி மூடி வைக்க வேண்டும். மாசு இருந்தால் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பவர்தான் எடுத்துப்போக வேண்டும். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நாம் குடிக்கும் நீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. பட்டறை நீரைக் கால்வாயில் ஊற்றுவது சட்டத்துக்குப் புறம்பு, அதற்கும் மேலே, நம் பிள்ளைகள் குடிக்கிற நீர் அது. அண்ணனிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: டிரம் கணக்கு எழுதாத கொட்டேஷன், கழுவும் கணக்கும் எழுதாத கொட்டேஷன்தான்.

ஒரு வார இடைவெளி

கழுவி முடித்த கையோடு மாதிரி எடுப்பது, காய்ச்சல்காரரை ஓட விட்டு உடனே நாடி பிடிப்பது மாதிரி. கிணற்றைச் சுற்றியுள்ள நீரை நாம் கலக்கி, காற்றுப் பட வைத்து, அதன் இரசாயன நிலையை மாற்றியிருக்கிறோம். குறைந்தது 24 மணி நேரம் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு வாரம் கேட்கும் வழிகாட்டிகளும் உண்டு. மணலில் இருக்கும் கிணற்றுக்கே நான் ஒரு வாரம் கேட்பேன். இதில் மெஷின் செலவு ஒன்றுமில்லை, வேலையாட்கள் திரும்ப ஒரு தடவை லாரியில் வர வேண்டும், அவ்வளவுதான். குத்தகை முடிய நாள் நெருங்கிய பிறகு ஆய்வைத் தொடங்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த ஒரு வாரத்தைத்தான். ஆறு மாதம் முன்னாலேயே தொடங்கினால் யாரும் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

எதைக் கொண்டு அளப்பது?

நீர்மட்டம் அளப்பதைப் பலர் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். பக்கத்துப் பட்டறையிலிருந்து மாசு நம் மனைக்கு வந்ததா, நம்மிடமிருந்து அங்கே போனதா என்ற கேள்விக்குப் பதில் அந்த ஓட்டத் திசையில் இருக்கிறது. சமதளமான துவாஸ் மனையில் இரண்டு கிணற்றுக்கு இடையே நீர்மட்ட வித்தியாசம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் இருக்கும். அப்படியானால் நம் அளவில் ஐந்து சென்டிமீட்டர் பிழை வந்தாலே வரைபடத்தில் ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி திரும்பிவிடும்.

பெரும்பாலான பிழைக்குக் கருவி காரணம் இல்லை. பைப் வாயின் எந்த இடத்திலிருந்து அளந்தோம் என்பதுதான் காரணம். பைப்பை ரம்பத்தால் அறுத்திருப்பார்கள், வாய் சாய்வாக இருக்கும், ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். வடக்குப் பக்க விளிம்பில் ஒரு சின்ன வெட்டோ அழியாத மையால் கோடோ போட்டு, சர்வேயர் அந்தக் கோட்டைத்தான் சிங்கப்பூர் உயர மட்டத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். மூடியின் மேல் வைத்து அளந்த சர்வே பயன்படாது. இரண்டாவது கொட்டேஷனில் ஐந்து லாகருக்கு விலை போட்டிருந்தார்கள், சர்வேக்கு வரியே இல்லை. ஆதாரக் கோடு தெரியாமல் லாகர் தரும் ஆயிரக்கணக்கான எண்களை வைத்து ஒரு அம்புக்குறிகூட வரைய முடியாது.

சாதாரண டிப் மீட்டர் நல்ல கருவி. முனை நீரைத் தொட்டதும் பீப் சத்தம் வரும், நாடாவில் மில்லிமீட்டர்வரை படிக்கலாம். சுத்தமான மனைக்கு அது போதும். ஆனால் எண்ணெய் மிதந்தால் அதற்குத் தெரியாது, எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததால் அதைத் தாண்டிப் போய் நீரில்தான் கத்தும். அண்ணன் மனையில் டீசல் தொட்டி இருந்தது. இன்டர்ஃபேஸ் மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லும். என்னிடம் உள்ளதில் எண்ணெய்க்கு விடாமல் ஒரே சத்தம், நீருக்கு விட்டுவிட்டு வரும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பைப் வாயின் கோடு 3.500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே எண்ணெய் 1.620 மீட்டரில் தட்டுகிறது, நீர் 1.870 மீட்டரில். அப்படியானால் எண்ணெய் 25 சென்டிமீட்டர் தடிமன். டீசலின் அடர்த்தி 0.84 என்று எடுத்துக்கொண்டால், அந்த எண்ணெயின் பாரம் நீரை 21 சென்டிமீட்டர் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் நீர் 1.660 மீட்டரில் நின்றிருக்கும், உயரம் 1.840. டிப் மீட்டர் மட்டும் வைத்திருந்தவர் உயரத்தை 1.630 என்று எழுதியிருப்பார். ஐந்து சென்டிமீட்டரே திசையைத் திருப்பும் மனையில் 21 சென்டிமீட்டர் பிழை.

அவர் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் கரைப்பானும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகைக் குளோரின் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, அடியில் போய்த் தங்கும். அதனால் மீட்டரை மெதுவாக அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். அதே சமயம் கிணற்றின் ஆழத்தையும் எழுதிக்கொண்டால், அடியில் எவ்வளவு சேறு தங்கியிருக்கிறது, கழுவியது போதுமா என்பதும் தெரிந்துவிடும். அளக்கும் வரிசை சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கான கிணற்றில் முடிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாடாவைப் பாஸ்பேட் இல்லாத சோப்பால் கழுவ வேண்டும்.

இங்கே மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. தரைமட்ட மூடிக்குள் மழைநீர் தேங்கி நிற்கும். அதைத் துடைத்து எடுக்காமல் பைப்பின் அடைப்பைத் திறந்தால் முழுதும் கிணற்றுக்குள் போய்விடும். அடைப்பைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று வெளியேறினால், உள்ளே அழுத்தம் சேர்ந்திருந்தது என்று அர்த்தம். எல்லாக் கிணற்றையும் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அந்தத் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழுவும் வளரும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் ஒரு பக்கம், டெங்கி வந்து படுப்பது வேலை செய்யும் நம் ஆட்கள்.

லாகர் எப்போது வேண்டும்?

லாகர் என்பது கிணற்றுக்குள் தொங்கவிடும் விரல் தடிமனுள்ள அழுத்தக் கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதிவு செய்துகொள்ளும். மனை கடலுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மாதிரி ஆய்வுக்கு அது அவசியமில்லை. ஆனால் துவாஸ் கடலோரம். நம் கடலில் நீர் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது, பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 3 மீட்டர்வரை போகும். தூர்த்த மணல் வழியாக அந்த ஏற்ற இறக்கம் உள்ளே வரும், உள்ளே போகப் போகக் குறையும். கடல் ஏறும்போது அளந்தால் நீர் மனைக்குள் ஓடுவதாகவும், இறங்கும்போது அளந்தால் கடலை நோக்கி ஓடுவதாகவும் காட்டலாம். ஒரே தடவை அளந்த அறிக்கை இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும்.

இதற்கு ஒரு மாதம் தேவையில்லை. மணிக்கு ஒன்று வீதம் தொடர்ந்து 71 மணி நேர அளவுகள் இருந்தால், கடல் ஏற்ற இறக்கத்தைக் கழித்துச் சராசரி மட்டத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறது. மூன்று நாள் போதும். லாகரை மட்டும் வைத்தால் போதாது, காற்றழுத்தம் பதியும் இன்னொரு லாகரும் வெளியே வேண்டும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மத்தியானம் நான்கு மணி வாக்கில் இறங்குகிறது, இரவிலும் அதேபோல. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல், அது மூன்று நான்கு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். அதைக் கழிக்காவிட்டால், கடலே இல்லாத இடத்தில்கூடக் கடல் அலைபோல் ஒரு கோடு திரையில் தெரியும். லாகரைப் போடும்போதும் எடுக்கும்போதும் கையால் ஒரு அளவு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

அண்ணனுக்குச் சொன்னது

மூன்றாவது கொட்டேஷனை எடுங்கள் என்றேன், சில திருத்தங்களோடு. களிமண்ணில் அமையும் கிணறு எதுவாக இருந்தாலும் அதற்கு மட்டும் சர்ஜ் பிளாக் வேண்டாம், பெய்லரால் மூன்று நாளாகப் பிரித்துக் கழுவ வேண்டும். எது களி, எது மணல் என்பது துளை போடும் அன்றே தெரிந்துவிடும். கடல் பக்கத்துக் கிணற்றில் ஒரு லாகரும் வெளியே காற்றழுத்தத்துக்கு ஒன்றும் மூன்று நாள் போடட்டும். அந்தக் கிணற்றின் ஏற்ற இறக்கம், கிணறுகளுக்கு இடையிலான மட்ட வித்தியாசத்தைவிடச் சின்னதாக இருந்தால் கையால் எடுத்த இரண்டு அளவே போதும். பெரிதாக இருந்தால் ஐந்திலும் மூன்று நாள் போட வேண்டும், அதற்கான விலையை இப்போதே தனி வரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது கொட்டேஷனின் ஒரு மாத வாடகையோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

"அந்த முதல் ஆளு தெரிஞ்சவரு தம்பி. கோவிச்சுக்குவாரு" என்றார்.

"அவரிடமே இந்தத் திருத்தங்களைக் கொடுத்து விலை கேளுங்கள் அண்ணே. ஒவ்வொரு கிணற்றுக்கும் எத்தனை லிட்டர் இறைத்தார்கள், கலங்கல் எவ்வளவில் நின்றது, அடியில் சேறு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சம்மதித்தால் அவருக்கே கொடுங்கள்" என்றேன்.

பேனாவை எடுத்து மூன்றாவது கொட்டேஷனின் ஓரத்தில் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது ஒன்று கேட்டார்: வேலை முடிந்த பிறகு அந்த ஐந்து கிணறும் என்ன ஆகும்? அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்வரை மூடியைப் பூட்டி வையுங்கள், திரும்ப மாதிரி கேட்கலாம். ஏற்றுக்கொண்ட பிறகு அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் கலந்த சிமெண்ட்டால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் தரையில் சிந்துகிற எண்ணெய் அந்தப் பைப் வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும் என்றேன். அதற்கும் ஒரு வரி விலை கேட்டு எழுதிக்கொண்டார்.